இரண்டு சாட்சிகளுக்கு நடுவே ஒரு விண்மீன்: வெறுங்கண்ணால் பொலிவை அளக்கும் முறை

பிப்ரவரி நடுவில், இரவு 9 மணியளவில், நாகர்கோவிலின் ஏதேனும் ஒரு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்றால், நல்ல உயரத்தில் சிரியஸும், அதற்கு ஏறக்குறைய நேர்கீழே, அடிவானத்திலிருந்து உச்சிவரையுள்ள தொலைவில் மூன்றிலொரு பங்கு உயரத்தில், நம் மரபு அகத்தியர் என்று பெயரிட்ட கனோபஸும் ஒருசேரத் தெரியும். இரவு வானத்து விண்மீன்களில் பொலிவில் முதலிடமும் இரண்டாமிடமும் இவற்றுக்கே உரியவை. இரண்டில் எது பொலிவு மிக்கது என்று கேட்டால் பள்ளிக் குழந்தைகூடச் சிரியஸையே காட்டும். எத்தனை மடங்கு என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். சிலர் ஐந்து மடங்கு என்பார்கள், சிலர் கால் பங்குதான் கூடுதல் என்பார்கள். உண்மையில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நம் கண்ணின் வலிமையும் வலுவின்மையும் இந்தச் சிறு சோதனையிலேயே தெரிந்துவிடுகின்றன. தனியாக ஒரு ஒளியைப் பார்த்து அதன் அளவைச் சொல்லக் கண்ணுக்கு இயலாது. ஆனால் அருகருகே இருக்கும் இரண்டில் எது மிகுதி, எது குறைவு என்று சொல்வதில் அது மிகக் கூர்மையானது. ஆகவே ஒரு விண்மீனின் பொலிவை அளப்பதென்பது, அதைவிடச் சற்றுப் பொலிவான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் சாட்சிகளாக நிறுத்தி, நடுவில் அது எங்கே நிற்கிறது என்று தீர்ப்பதே ஆகும். தொலைநோக்கி வேண்டாம், பாய், குறிப்பேடு, பென்சில், சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு ஆகியவை போதும். விண்மீனின் பொலிவை எண்ணால் சொல்லும் அளவு பொலிவெண்; பயின்ற கண் இந்த முறையில் 0.1 முதல் 0.2 பொலிவெண் வரை துல்லியமாக மதிப்பிடும்.

அளவுகோல்

பொலிவெண் என்பது பள்ளியில் தரும் ரேங்க்கைப் போன்றது. எண் சிறியதானால் இடம் உயர்ந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸிடம் தொடங்கியதாகக் கருதப்படுவதும், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமியின் பட்டியலில் நிலைபெற்றதுமான வழக்கப்படி, மிகப் பொலிவான விண்மீன்கள் முதல் வகுப்பிலும், கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருப்பவை ஆறாம் வகுப்பிலும் வைக்கப்பட்டன. வகுப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு என்பதை அந்த வழக்கம் வரையறுக்கவில்லை. 1856இல் நார்மன் பாக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர், ஐந்து வகுப்பு வேறுபாடு சரியாக 100 மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கட்டும் என்று முன்மொழிந்தார். அதன்படி ஒரு வகுப்பு வேறுபாடு 2.512 மடங்காகும். இன்று உலகம் முழுவதும் பயன்படுவது அதுவே.

இந்தப் பாக்சனை நாம் வெளியாராகக் கருத வேண்டியதில்லை. 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று வந்த அவர், 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே பணிபுரிந்தார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறு விண்மீனை, அதாவது பொலிவு ஏறி இறங்கும் விண்மீனை, கண்டறிந்தார். பொலிவெண் பற்றிய பாடங்களில் ஹிப்பார்க்கஸ் தவறாமல் இடம்பெறுகிறார். ரகுநாதாச்சாரி இடம்பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

கணக்குக்குத் தேவையான சிறு வாய்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பொலிவெண் வேறுபாடு 0.1 என்றால் ஒளி வேறுபாடு ஏறக்குறைய பத்து விழுக்காடு, 0.5 என்றால் 1.6 மடங்கு, 1 என்றால் 2.5 மடங்கு, 2 என்றால் 6.3 மடங்கு, 3 என்றால் 16 மடங்கு, 5 என்றால் 100 மடங்கு. இடைப்பட்ட எண்களுக்கு, வேறுபாட்டை 0.4ஆல் பெருக்கி, பத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் விடை கிடைக்கும். சிரியஸின் பொலிவெண் –1.46, கனோபஸின் பொலிவெண் –0.74. வேறுபாடு 0.72, ஆகவே 1.94 மடங்கு. திருமணத்தில் அம்மி மிதித்தபின் பார்க்கச் சொல்லும் அருந்ததியின் பொலிவெண் 4.0, அருகிலுள்ள வசிட்டரின் பொலிவெண் 2.0, எனவே வசிட்டர் அருந்ததியைப் போல் ஆறு மடங்குக்குச் சற்று மேலான ஒளியுடன் தெரிகிறார். எண் சுழியத்துக்குக் கீழே இறங்கினால் பொலிவு இன்னும் மிகுதி என்று பொருள்: முழுநிலவு –12.7, சூரியன் –26.7.

இடமும் இரவும்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பெறுவதால், ஜூன் முதல் டிசம்பர் வரை வானம் நம்மை நம்பவைத்து ஏமாற்றும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே தொடர்ந்து நம்பத் தக்கது. இருட்டுக்காகப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைப் பகுதிகளை நாடத் தோன்றும். ஆனால் இரவில் அனுமதியின்றி வனப்பகுதிக்குள் செல்லக் கூடாது, யானைகளின் நடமாட்டமும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று குறிப்பேட்டின் தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். கன்னியாகுமரி நகரின் கடற்கரை விளக்குகள் இரவு முழுவதும் அணைவதில்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை கண்ணில் படாதபடி பாறையின் மறைவில் அமர வேண்டும். இத்தனையும் சொன்னபின் என் பரிந்துரை எளியது: 4.5 பொலிவெண் வரையுள்ள விண்மீன்கள் தெரியுமானால் வீட்டு மொட்டை மாடியே போதும். மதிப்பீட்டின் தரத்தை முடிவுசெய்வது இருட்டைவிட ஒழுங்கே. மாதம் ஒருமுறை அணைக்கட்டுக்குப் போகிறவரைவிட, நாள்தோறும் மாடிக்கு ஏறுகிறவரின் குறிப்பேடு பயனுள்ளது.

கடலோரத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருமுறை சங்குத்துறைக் கடற்கரையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து பதினான்கு மதிப்பீடுகளை எழுதினேன். மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, மெல்லிய முகில் படர்கிறது என்று குறிப்பும் எழுதினேன். புறப்படும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான், படர்ந்திருந்தது முகிலன்று, உப்பு என்று தெரிந்தது. அந்தப் பதினான்கையும் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பது என் பழக்கம்.

இருட்டுக்கு வந்தபின் கண் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் கடிகாரத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். நிலவு இருக்கும் இரவுகளில், அளக்கப்படும் விண்மீனும் சாட்சிகளும் நிலவிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தால் மட்டும் மதிப்பிடலாம். இங்கே நம் பண்டிகைகள் ஒரு வேடிக்கையான சிக்கலை உண்டாக்குகின்றன. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் நிறைவாகத் திருவாதிரை வரும் நாளில் மக்கள் அந்த விண்மீனை நினைக்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஓணம் கொண்டாடும் நாளில் திருவோணத்தை நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நட்சத்திரத்தின் நாள் என்பது நிலவு அந்த விண்மீன் இருக்கும் வானப்பகுதிக்கு வந்து நிற்கும் நாள். மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவும், ஓணத்தன்று நிறைவை நெருங்கும் நிலவும் அந்தந்த விண்மீன் இருக்கும் வானப்பகுதியிலேயே எரிவதால், அதன் பொலிவை அளப்பதற்கு ஆண்டிலேயே மிகத் தகாத இரவு அதன் சொந்தப் பண்டிகை இரவுதான். பத்து நாள் பொறுத்து, மாலை வானில் நிலவு இல்லாதபோது மாடிக்கு வருவது நல்லது.

கண்ணுக்குப் பயிற்சி

வடக்கில் வாழ்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு பயிற்சிக்களம் நமக்கு உண்டு. மே மாதத்தில் இரவு 9 மணியளவிலும், ஜனவரிப் பிற்பகுதியில் விடிவதற்கு முன் 5 மணியளவிலும், தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடியிலுள்ள அக்ரக்ஸின் பொலிவெண் 0.8, கிழக்குக் கையிலுள்ள மிமோசா 1.3, உச்சியிலுள்ள காக்ரக்ஸ் 1.6, மேற்குக் கையிலுள்ளது 2.8, அக்ரக்ஸுக்கும் மேற்குக் கைக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்தாவது மீன் 3.6. கைமுட்டி ஒன்றுக்குள் அடங்கிவிடும் இடத்தில் ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வானமே வைத்திருக்கிறது. ஐந்தும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதால் காற்று விழுங்கும் ஒளியும் ஏறக்குறைய சமம். முதலில் எண்களை மறந்துவிட்டு, பொலிவின் வரிசைப்படி ஐந்தையும் எழுதுங்கள். பிறகு, மிமோசாவுக்கும் காக்ரக்ஸுக்கும் இடையிலான 0.3 வேறுபாட்டையும், காக்ரக்ஸுக்கும் மேற்குக் கைக்கும் இடையிலான 1.2 வேறுபாட்டையும் மாறி மாறிப் பார்த்து, 'பத்தில் மூன்று' என்பது கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது, 'ஒன்றுக்கு மேல்' என்பது எப்படித் தோன்றுகிறது என்று மனத்தில் பதியவையுங்கள். ஐந்தாவது மீன் தெரியாவிட்டால் அன்றைய தெற்கு வானம் அளவீட்டுக்கு உகந்ததன்று.

மதிப்பீடு செய்யும் முறை

முதல் இலக்காக ஈட்டா அக்விலேயை எடுத்துக்கொள்ளலாம். கழுகு விண்மீன் குழுவில் திருவோணமும் (அல்டேர்) அதன் இருபுறத்து மீன்களும் ஒரு கோல்போல வரிசையாக நிற்பதைக் காணலாம். நிகண்டுகள் திருவோணத்துக்கு முக்கோல் என்று பெயர் தந்திருப்பது பொருத்தமே. திருவோணத்திலிருந்து நேர் தெற்கே, நீட்டிய கையின் முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவான தொலைவில், 8 பாகை தள்ளி இருப்பது ஈட்டா அக்விலே. 7.18 நாளுக்கு ஒருமுறை அது 3.5க்கும் 4.4க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அது மாறுவதை 1784இல் எட்வர்டு பிகாட் கண்டறிந்தார். விரிந்து சுருங்குவதால் ஒழுங்காகப் பொலிவு மாறும் செஃபீடு வகை மாறு விண்மீன்களில் இது முதல் வரிசையில் வைக்கத் தக்கது. 1912இல் ஹென்ரியட்டா லெவிட், இத்தகைய மீன்களின் மாறுகாலத்துக்கும் உண்மை ஒளிக்கும் உள்ள உறவை நிறுவியபின், விண்மீன் மண்டலங்களின் தொலைவுகளை அளக்கும் கோலாகவே இவ்வகை ஆகிவிட்டது.

இதை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் நம் அகலாங்கு. கன்னியாகுமரி 8 பாகை வடக்கில் இருப்பதால் திருவோணம் நம் தலைக்கு நேர்மேலே கடக்கிறது. ஈட்டா அக்விலே உச்சியிலிருந்து 7 பாகை மட்டுமே விலகிக் கடக்கிறது. செப்டம்பர் பிற்பகுதியில் இரவு 8 மணிக்குச் சற்றுப் பின் இது நிகழும். காற்றினால் ஏற்படும் பிழை ஏறக்குறைய முற்றிலும் விலகிவிடும்.

சாட்சிகளாக அதே குழுவில் நான்கு மீன்கள் உள்ளன. திருவோணத்தின் தென்கிழக்கில் ஒட்டியுள்ள பீட்டா 3.7, ஈட்டாவுக்குக் கிழக்கே 5 பாகையில் தீட்டா 3.2, மேற்கே 7 பாகையில் டெல்ட்டா 3.4, தென்மேற்கே அயோட்டா 4.4. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, முதலில் ஈட்டா எந்த இரண்டுக்கு இடையில் இருக்கிறது என்று முடிவுசெய்யுங்கள். பீட்டாவைவிட மங்கல், அயோட்டாவைவிடப் பொலிவு என்று தோன்றினால் அவையே அன்றைய சாட்சிகள். இனி பீட்டாவிலிருந்து அயோட்டாவரை உள்ள இறக்கத்தைப் பத்துப் படிகளாக எண்ணிக்கொண்டு, ஈட்டா எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்காவது படி என்று தோன்றினால், இரண்டு சாட்சிகளுக்கும் உள்ள வேறுபாடு 0.7, அதில் பத்தில் நான்கு 0.28, அதை 3.7உடன் கூட்டினால் 3.98. இதை 4.0 என்று எழுத வேண்டும். கண் தராத இரண்டாம் தசம இடத்தைக் கணக்கு தந்துவிடாது.

மதிப்பிடும்போது இரண்டு மீன்களையும் ஒரே நேரத்தில் உற்றுப் பார்க்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒரு கணம், மற்றதன்மேல் ஒரு கணம் எனப் பார்வையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதியில் விழும் மீனும் மேற்பகுதியில் விழும் மீனும் ஒரே பொலிவுடையவையாயினும் வேறாகத் தோன்றக்கூடும். ஆகவே இரு மீன்களையும் இணைக்கும் கோடு நம் இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்வரை உடலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு இதைச் செய்வது கழுத்துக்குத் தண்டனை; பாயில் படுத்திருப்பவர் கடிகார முள்போலச் சுழன்றுகொள்ளலாம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பொலிவான மீன்களை ஒப்பிடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒவ்வொரு மீனும் சிறு வட்டாக விரியும், கூரிய புள்ளிகளை ஒப்பிடுவதைவிட வட்டுகளை ஒப்பிடுவது எளிது.

ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் நாள், மணி, நிமிடம், சாட்சிகள், படி எண், வானத்தின் நிலை ஆகியவற்றை உடனே எழுதுங்கள். உலக நேரத்தில் எழுத விரும்பினால் நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும், அதிகாலை 5.30க்கு முன் பார்த்தால் உலக நேரத்தில் தேதி முந்தைய நாளாகிவிடும் என்பதை மறப்பவர்கள் பலர். நேற்றைய எண்ணைப் பார்த்துவிட்டு இன்றைய எண்ணை எழுதக் கூடாது. இதுவே நான் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி. இன்று இது ஏற வேண்டிய நாள் என்று தெரிந்துவிட்டால், ஏறாத மீனையும் கண் ஏற்றிக்காட்டும்.

தாழ்வான மீன்களும் காற்றின் தடிமனும்

தெற்கு வானம் நம் மாவட்டத்தின் செல்வம். ஆயினும் அதன் பெரும்பகுதி தாழ்வாகவே இருப்பதால், காற்று விழுங்கும் ஒளியைக் கணக்கில் எடுக்காமல் அதை அளக்க முடியாது. தில்லியில் கனோபஸ் 9 பாகைக்கு மேல் எழுவதில்லை; நமக்கு 29 பாகை வரை எழுகிறது. அப்போதும் அதன் ஒளி, உச்சியிலுள்ள மீனின் ஒளியைப்போல் இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. உயரக்கோணத்தின் சைன் மதிப்பால் ஒன்றை வகுத்தால் காற்றுத் தடிமன் கிடைக்கும்: உச்சியில் 1, 30 பாகையில் 2, 20 பாகையில் 2.9, 15 பாகையில் 3.9, 10 பாகையில் 5.8. நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகை என்பதால் உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை.

கடல்மட்ட ஊர்களில், தெளிந்த இரவில், தடிமன் ஒன்றுக்கு 0.3 பொலிவெண் குறையும் என்று தொடங்குவது பொருந்தும். அப்படியானால் உச்சியில் உள்ள மீனோடு ஒப்பிட, 30 பாகையில் உள்ள மீன் 0.3ம், 20 பாகையில் உள்ளது 0.6ம், 10 பாகையில் உள்ளது 1.4ம் கூடுதலாக மங்கித் தெரியும். 8 பாகை உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம், பட்டியலில் 2.0 ஆக இருந்தும், நம் ஊரில் 4 பொலிவெண்ணை நெருங்கும் மங்கலான மீனாகத் தெரிவதற்கும், மலையடிவார ஊர்களில் மரமும் மலையும் மறைக்காத இடத்திலும் பலர் அதைத் தேடிக் காணாமல் திரும்புவதற்கும் இதுவே காரணம்.

ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் 0.3 என்ற எண் போதாது. ஆகவே அன்றைய மதிப்பை நீங்களே அளந்துகொள்ளலாம். மார்ச் நடுவில் இரவு 11 மணிக்குச் சற்றுப் பின் கனோபஸ் தென்மேற்கில் 10 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது புரோசியானும், புனர்பூசத்தின் பொல்லக்ஸும் 47 பாகை அளவில் உயர்ந்து நிற்கும். புரோசியானின் பொலிவெண் 0.4, பொல்லக்ஸின் பொலிவெண் 1.1. இறங்கிய கனோபஸ் இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றினால் அதன் தோற்றம் 0.75, பட்டியலில் அது –0.7, இழப்பு 1.45. காற்றுத் தடிமன் கனோபஸுக்கு 5.8, மற்ற இரண்டுக்கும் 1.4, வேறுபாடு 4.4. 1.45ஐ 4.4ஆல் வகுத்தால் 0.33. அன்றிரவு தடிமன் ஒன்றுக்கு 0.33 பொலிவெண் குறைகிறது. இந்தக் கணக்கை நான்கைந்து இரவுகள் செய்தால், 'இன்று வானம் தெளிவு' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல் எத்தனை வகையான வானங்களைக் குறிக்கிறது என்பது தெரியவரும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே வழி: அளக்கப்படும் மீனுக்கும் சாட்சிகளுக்கும் உயரம் ஏறக்குறைய சமமாக உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. 50 பாகைக்கு மேல் இருக்கும் மீன்களிடையே உயர வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சிவந்த மீன்களும் பிற கண்ணிகளும்

சிவந்த மீனான திருவாதிரையும் (பெட்டல்ஜூஸ்) நம் உச்சியை ஒட்டியே கடக்கிறது. ஜனவரி, பிப்ரவரி இரவுகளுக்கு அதுவே உகந்த இலக்கு. ஈட்டா அக்விலேயைப்போல் ஏழு நாள் ஒழுங்கு அதற்கு இல்லை. மாதக்கணக்கில் மெதுவாக மாறும். வழக்கமாக 0.5ஐ ஒட்டியிருக்கும் அது, 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கி, பக்கத்திலுள்ள பெல்லாட்ரிக்ஸுக்கு இணையாகிவிட்டது. அது வெளியேற்றிய வளிமம் குளிர்ந்து தூசாகி நமக்கும் அதற்கும் நடுவே நின்றதும், அதன் மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததும் காரணங்கள் என்று வானியலாளர்கள் விளக்குகிறார்கள். உலகெங்கும் வெறுங்கண்ணால் மதிப்பிட்டவர்களின் எண்கள் அந்த வீழ்ச்சியைக் கருவிகளோடு ஒத்துக் காட்டின.

இதற்குச் சாட்சிகள்: ரீகல் 0.1, புரோசியான் 0.4, ரோகிணி 0.9, பொல்லக்ஸ் 1.1, பெல்லாட்ரிக்ஸ் 1.6. இங்கே இடர் நிறத்தில் உள்ளது. சிவந்த மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பொலிவு கூடிக்கொண்டே போவதுபோல் தோன்றும். ஆகவே பார்வை அதன்மேல் ஒரு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. வெண்மையான ரீகலைவிடச் செம்மஞ்சளான ரோகிணி நல்ல சாட்சி. இருவர் அருகருகே அமர்ந்து மதிப்பிட்டும் 0.3 வேறுபாடு வந்தால் சண்டையிட வேண்டாம். சிவப்பை உணர்வதில் கண்ணுக்குக் கண் வேறுபாடு உண்டு. ஒருவர் தம் எண்களைத் தம் எண்களோடு மட்டும் ஒப்பிட்டால் மாற்றம் சரியாகவே தெரியும்.

மற்றொரு கண்ணி, சாட்சியே மாறு விண்மீனாக இருப்பது. பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள அல்கால் என்ற மீன் 2.87 நாளுக்கு ஒருமுறை, தன் துணை மீனால் மறைக்கப்பட்டு, 2.1இலிருந்து 3.4க்கு இறங்கி, ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் மீள்கிறது. அதற்கு மிக அருகில் வசதியாக நிற்கும் ரோ பெர்சியை எல்லாரும் சாட்சியாக எடுக்க நினைப்பார்கள், அதுவும் 3.3க்கும் 4.0க்கும் இடையே மாறுவது. பொய்ச்சாட்சியை விலக்கி, எப்சிலான் பெர்சி (2.9), டெல்ட்டா பெர்சி (3.0) ஆகியவற்றைக் கொள்க.

கேமராவால் அளப்பது

கையால் இயக்கும் வசதியுள்ள கேமராவும் முக்காலியும் இருந்தால் 0.05 அளவு துல்லியத்தைத் தொடலாம். கோப்பைச் சுருக்காத மூல வடிவில் பதிய வேண்டும். குவியத்தைச் சற்றே விலக்கி மீனைச் சிறு வட்டாக்க வேண்டும். எந்த மீனின் நடுப்புள்ளியும் நிறைந்து வழியாதபடி சில நொடிகள் மட்டும் திறந்துவைக்க வேண்டும். பிறகு படத்தின் பச்சை நிறப் பகுதியை மட்டும் பிரித்து, மீனைச் சுற்றி வட்டமிட்டு, உள்ளிருக்கும் மதிப்புகளைக் கூட்டி, அதே பரப்புள்ள வெற்று வானத்தின் மதிப்பைக் கழிக்க வேண்டும். வானியலில் கண்ணுக்கு நிகராகக் கொள்ளப்படும் வடிகட்டிக்குக் கேமராவின் பச்சை நெருக்கமானது. எடுத்துக்காட்டாக, ஈட்டாவுக்கு 18,400ம் பீட்டாவுக்கு 24,100ம் வந்தால் விகிதம் 0.763, அதன் பத்தடிமான மடக்கை –0.117, அதை –2.5ஆல் பெருக்கினால் 0.29, ஆகவே ஈட்டா, பீட்டாவைவிட 0.29 மங்கல். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் பொலிவை அளந்தாலும் அடிப்படை இதுவே: அறியாததை அறிந்ததால் வகுப்பது.

தோற்றமும் உண்மையும்

இதுவரை அளந்தது நமக்குத் தெரியும் பொலிவு மட்டுமே. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கனோபஸ் ஏறக்குறைய 310 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இரண்டையும் 32.6 ஒளியாண்டில், அதாவது 10 பார்செக்கில், வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியும் என்று கணிப்பதற்கு, தொலைவைப் பார்செக்கில் எழுதி, பத்தால் வகுத்து, மடக்கை கண்டு, ஐந்தால் பெருக்கி, தோற்றப் பொலிவெண்ணிலிருந்து கழிக்க வேண்டும். சிரியஸுக்கு +1.4, கனோபஸுக்கு –5.6 வரும். வேறுபாடு 7, கனோபஸ் சிரியஸைப்போல் 600 மடங்குக்கு மேல் ஒளி வீசுவது. பிப்ரவரி மாடியில் இரண்டாம் இடத்தில் நின்றது உண்மையில் எது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

வரைபடம்

ஈட்டாவுக்கு மூன்று வாரக் குறிப்புகள் சேர்ந்ததும், முதல் மதிப்பீட்டிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை நாள் கழித்து எடுக்கப்பட்டது என்று எழுதி, 7.177ஆல் வகுத்து, முழு எண்ணை விட்டுவிட்டுத் தசமப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 16.4 நாள் என்றால் 2.285, இதில் 0.285 மட்டும் வேண்டும். அந்தத் தசமத்தைக் கிடை அச்சிலும், பொலிவெண்ணைச் சிறிய எண் மேலே வருமாறு நேர் அச்சிலும் குறித்தால், வெவ்வேறு வாரங்களின் புள்ளிகள் ஒரே சுற்றில் வந்து அமரும். ஏற்றம் விரைவாகவும் இறக்கம் மெதுவாகவும் தெரிய வேண்டும். 1911 முதல் இயங்கிவரும் அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர் சங்கம் எந்த நாட்டவரின் மதிப்பீட்டையும் ஏற்றுக்கொள்கிறது. சாட்சி மீன்களின் எண்கள் குறித்த வரைபடங்களையும் அதன் தளத்திலேயே பெறலாம். அவற்றில் 37 என்று இருந்தால் 3.7 என்று படிக்க வேண்டும். புள்ளியை ஒரு மீனாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே அதை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குறிப்பேட்டில் நாட்கணக்கில் இடைவெளி விழும். முகில் விலகிய கால் மணி நேரத்தில் அவசரமாக எடுத்த எண்ணுக்கு எதிரே 'முகிலிடை' என்று எழுதுங்கள். எடுக்க முடியாத நாளுக்கு எதிரே 'மழை' என்று எழுதி, அந்த இடத்தில் கோட்டை இணைக்காமல் விட்டுவிடுங்கள்.